கொலுவில் அலாஸ்கா

கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் நாங்கள் கொலு வைக்கிற ஆட்கள் இல்லை. ஆயுத பூஜை அன்றைக்கு மோட்டார் ரூம் கதவிலிருந்து அரிவாள்மணை வரைக்கும் சந்தனப் பொட்டு வைப்போம், பொரிகடலை தின்போம், அத்தோடு நவராத்திரி முடிந்தது. கொலு என்பது நான் டெக்சாஸுக்கு வந்து பிடித்துக்கொண்ட பழக்கம். நாங்கள் இருந்த ஆலன் என்ற ஊரில் அப்போது நம் ஆட்கள் அதிகம் இல்லை. பகல் முழுக்கத் தெருவில் ஒரு மனித முகத்தைப் பார்க்க முடியாது. தோழி வீட்டுக் கொலுவைப் பார்த்துவிட்டு வந்து மகள் அடம் பிடித்தபோது, நாமும் வைத்தால் ஒன்பது நாளும் யாராவது வீட்டுக்கு வருவார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. பக்தியெல்லாம் அப்புறம்தான். அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே வெள்ளை பெட்ஷீட்டை விரித்து மூன்று படி கட்டினேன்.

1999-ஆம் வருஷத்துக் கொலுவில் படிகளைவிட, அவற்றுக்குக் கீழே நாங்கள் கட்டிய அலாஸ்காதான் பெரிதாக இருந்தது. வந்து பார்த்தவர்கள் பல வருஷம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

என் கணவர் கன்சல்டிங் கம்பெனி ஒன்றில் புரோகிராமர். எங்கே வேலை இருக்கிறதோ அங்கே தூக்கிப் போடுவார்கள். அந்த வருஷம் டிசம்பர் கடைசியோடு, 2000 என்ற வருஷக் கணக்குப் புரியாமல் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று ஊரெல்லாம் பயம். அந்தப் பயத்தில்தான் நம் ஆட்கள் பாதிப் பேருக்குச் சோறு. பிப்ரவரியில் அவரை அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரத்துக்கு அனுப்பினார்கள். "மூணு மாசந்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மே மாதம் வந்ததும் "இன்னொரு ரெண்டு மாசம்" என்றார். ஜூலையில் அதையும் சொல்லவில்லை. எனக்கோ வேலைக்குப் போக முடியாத விசா. அதுவும் அவருடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற விசா. வீடு, கார், பள்ளிக்கூடம், மளிகை என்று நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் பேசாத மனிதர். கல்யாணமான புதிதில் அதைச் சாதுவான குணம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். டெக்சாஸில் இருந்தபோது ஆபீசிலிருந்து வருவார், சாப்பிடுவார், டிவி முன்னால் உட்காருவார். டிவியையாவது பார்க்கிறாரா என்றால் அதுவும் சந்தேகம். அப்படிப்பட்டவர் அலாஸ்காவுக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். மகள் ஓடிப்போய் எடுப்பாள். அவள் மூன்று வயதில் இங்கே வந்தவள். நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அவர் அந்தப் பக்கம் கொங்குத் தமிழில் கொட்டுவார், இவள் இந்தப் பக்கம் "நோ வே! ரியலி?" என்று குதிப்பாள்.

ஒவ்வொரு வாரமும் அலாஸ்காவிலிருந்து ஒரு சமாச்சாரம் வந்தது. அங்கே தலைநகரத்துக்கு ரோடே கிடையாதாம். கப்பலில் போக வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில். மனிதர்களைவிடக் காட்டு மான்கள் அதிகமாம். பனி கொட்டுகிற வடக்கே, ராஜஸ்தானில் இருப்பது போல மணல்மேடுகள் இருக்கின்றனவாம். வடகோடியில் ஓர் ஊரில் இரண்டு மாதத்துக்கு மேல் சூரியன் எட்டிக்கூடப் பார்க்காதாம், கோடையில் அதற்கும் சேர்த்து இரவு பகலாக நிற்குமாம். நடுக்கடலில் இரண்டு தீவு, ஒன்று அமெரிக்காவுடையது, மற்றது ரஷ்யாவுடையது. நாள் மாறுகிற கோடு நடுவில் போவதால் இந்தத் தீவில் நின்று பார்த்தால் எதிரே தெரிவது நாளைய தினமாம். அமெரிக்காவின் வடக்கு முனையும் மேற்கு முனையும் அலாஸ்கா என்றால் சரி. அதன் தீவுகள் சில 180 பாகைக் கோட்டைத் தாண்டிக் கிடப்பதால், பூகோளக் கணக்குப்படி கிழக்கு முனையும் அதுதான் என்றபோது நானே அட்லஸை எடுத்துப் பார்த்தேன்.

ஒரு தடவை முட்டைக்கோஸ் கதை வந்தது. கோடையில் வெயில் ஓயாமல் அடிப்பதால் ஒரு முட்டைக்கோஸை ஒரே ஆளால் தூக்க முடியாதாம், அதற்குப் போட்டி வைத்துப் பரிசு தருகிறார்களாம். மகள் வந்து மூச்சிரைக்கச் சொன்னாள். "அத்தாச்சோட்டுப் பெரிய முட்டைக்கோசுக்குப் பொரியல் பண்ண எத்தனை தேங்கா துருவோணும்னு உங்கப்பாவைக் கேளு" என்றேன். அவள் கேட்டாள். அவர் சிரித்த சத்தம் ரிசீவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. அன்றைக்குப் பூரா எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவரைச் சிரிக்க வைத்து எத்தனை காலமாயிற்று என்று அப்புறம்தான் உறைத்தது.

போன் என் கைக்கு வரும்போது அலாஸ்கா தீர்ந்து போயிருக்கும்.

"காருக்கு ஆயில் மாத்திட்டியா?"

"மாத்தியாச்சுங்க. எப்பங்க வர்றீங்க?"

"பாக்கலாம். வெக்கட்டுமா?"

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மகளுக்கு மான், கரடி, நாளைய தினம் தெரிகிற தீவு. எனக்கு என்ஜின் ஆயில். கோபத்தில் போனைக் கொஞ்சம் அழுத்தியே வைப்பேன். அந்தப் பக்கம் கேட்டிருக்காது.

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு மாநிலத்தை எடுத்துக்கொண்டு அதன் மாதிரி ஒன்றைச் செய்து, வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டும். மற்ற பிள்ளைகள் ஃபுளோரிடாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் சண்டை போட, இவள் அலாஸ்காவுக்குக் கை தூக்கினாள். டெக்சாஸில் இருந்துகொண்டு அலாஸ்காவைப் புகழ்வது லேசான காரியமில்லை. இங்கே எல்லாமே பெரிது என்பதுதான் இந்த ஊர்க்காரர்களின் முதல் பேச்சு. பக்கத்து வீட்டில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். புல் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் போய், அலாஸ்காவை இரண்டாக வெட்டினால் டெக்சாஸுக்கு மூன்றாவது இடம்தான் கிடைக்கும் என்று இவள் சொல்லிவிட்டு வந்தாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, ஐஸையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ரொம்ப நேரம் வாதாடினார். அடுத்த நாளும் வேலி ஓரமாக நின்று அதையே பேசினார்.

எனக்கு அந்த மாநிலத்தைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் ரொம்ப நாள் இருந்தது. அமெரிக்க வரைபடங்களில் இடம் போதாமல் அலாஸ்காவைச் சின்னதாக்கி, ஒரு கட்டம் போட்டு, கீழே இடது மூலையில் ஹவாய்க்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். டிவியில் வானிலை சொல்லும்போதும் அப்படித்தான் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, அவர் இருப்பது மெக்சிகோவை ஒட்டி ஏதோ ஒரு தீவு என்றே என் மனதில் பதிந்திருந்தது. கலிபோர்னியா வரைக்கும் போய்விட்டால் அங்கிருந்து எட்டிவிடலாம் என்று தோன்றும். மகள் உலக உருண்டையைத் திருப்பி உச்சியில் விரலை வைத்துக் காட்டினாள். "தேர், அம்மா. வே அப் தேர்." இவ்வளவு தூரத்திலா இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செப்டம்பரில் தவளை வந்தது. அன்றைக்கு அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"கண்ணு, இங்க ஒரு சின்னத் தவளை இருக்குது. குளிர் வந்துட்டா எங்கயும் போகாது. சருகுக்கு அடியில படுத்துக்கும். அப்படியே கல்லு மாதிரி உறைஞ்சு போயிரும். மூச்சு நின்னுரும். நெஞ்சு துடிக்கிறதும் நின்னுரும்."

"இட் டைஸ்?"

"சாகாது. பனி உருகுனதும் நெஞ்சு தானா அடிக்க ஆரம்பிச்சிரும். எந்திரிச்சுப் பாட்டுப் பாடும். வாத்து கத்துற மாதிரி இருக்கும். என்ற வீட்டுக்குப் பின்னாடி குட்டையில கேட்டேன்."

மற்ற சமாச்சாரங்களுக்கெல்லாம் குதித்தவள் இதற்குக் குதிக்கவில்லை.

நவராத்திரிக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை வந்து திங்கள்கிழமை காலை திரும்புவதாகப் பேச்சு. போனால் போகிறது, வந்து உட்கார்ந்து ஒரு வாய் நம் சாப்பாடு சாப்பிட்டால் மனசு இளகும், வேலை முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று வாயால் சொல்லிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வேறு எதையும் அந்த மாதம் நான் சாமியிடம் கேட்கவில்லை.

கொலுப்படிக்குக் கீழே பார்க், குளம் என்று ஏதாவது கட்டுவது வழக்கம். பள்ளிக்கூடத்துக்குச் செய்த அலாஸ்காவையே அங்கே வைத்துவிடலாம் என்றாள் மகள். அலுமினிய ஃபாயிலைக் கசக்கி மலை செய்தோம், மேலே பஞ்சு ஒட்டினோம். அந்த மலைதான் இந்தக் கண்டத்திலேயே உயரம் என்று அட்டையில் எழுதி நட்டாள். கிறிஸ்துமஸ் சாமான்களிலிருந்து பிளாஸ்டிக் மான்கள் வந்தன. சப்பாத்தி மாவில் நான் கரடியும் மீனும் பிடித்தேன். தவளைகளை என்னைச் செய்ய விடவில்லை. ஒவ்வொன்றாக அவளே உருட்டி, பழுப்பு வண்ணம் பூசி, காய்ந்த ஓக் இலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். மேலே படியில் தசாவதாரம். கீழ்ப்படியில் செட்டியாரும் அவர் மனைவியும் அரிசி பருப்புக் கடையோடு, அலாஸ்கா எல்லையில் வியாபாரத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

மரப்பாச்சி ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செம்மரத்தில் கடைந்த ஆண் பொம்மை ஒன்று, பெண் பொம்மை ஒன்று. கொலுவில் முதலில் வைப்பது அதைத்தான், அதுவும் பெண்ணுக்குத் தாய் வீட்டிலிருந்து வர வேண்டுமாம். இந்த விவரமெல்லாம் தெரியாமல் கடையில் வாங்கலாமா என்று கேட்டவள் நான். இரண்டு தெரு தள்ளி, மகனோடு இருக்க வந்த கும்பகோணத்து ஆன்ட்டி ஒருவர் இருந்தார். அவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு ஜோடி வாங்கி வந்து, "என்னையே அம்மாவா நெனச்சுக்கோடீம்மா" என்று என் கையில் வைத்தார். எனக்கு அம்மா இல்லை என்று அவருக்குத் தெரியும்.

முதல் நாள் காலையில் பார்த்தால் படியில் பெண் மரப்பாச்சி மட்டும் நிற்கிறாள். ஆண் மரப்பாச்சி அலாஸ்காவில் இருந்தான். பழைய கம்பளிக் காலுறையை வெட்டி அவனுக்கு ஒரு கோட்டு மாட்டி, காதை மூடித் தொப்பி வைத்து, மலையடிவாரத்தில் கரடிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள் மகள்.

"என்னடி இது?"

"தட்ஸ் அப்பா. ஹி இஸ் தேர், சோ."

அவள் சொன்னதில் என்ன தப்பு? கொலு வைத்துப் பழகிய வீடாக இருந்தால் அந்த நிமிஷமே எடுத்துப் படியில் வைத்திருப்பார்கள். நான் சிரித்துவிட்டுச் சுண்டலுக்குப் பட்டாணி ஊறவைக்கப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்குக்கு ஆன்ட்டி வந்தார். கூட இன்னும் சில பெண்கள். எல்லாரும் அலாஸ்காவைப் பார்த்து அதிசயப்பட்டார்கள். மகள் ஒவ்வொன்றையும் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி மட்டும் படியையும் கீழேயும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஜோடியைப் பிரிச்சு வைக்கப்படாதுடீம்மா. எடுத்து மேல வெச்சுடு."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மகளின் காது பாம்புக் காது. பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "ஒய்? வில் சம்திங் ஹேப்பன்? அப்பா வோன்ட் கம்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவரைப் பிரிச்சு வெச்சது அவரு கம்பெனிங்க ஆன்ட்டி, குழந்தை இல்ல. நாளைக்கு வர்றாரு. வந்ததும் அவரு கையாலயே எடுத்து வெக்கட்டும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஆன்ட்டி குங்குமம் இட்டுக்கொண்டு கிளம்பினார்.

சனிக்கிழமை ஏர்போர்ட்டில் அவரைப் பார்த்தபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தார், தாடி விட்டிருந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. டெக்சாஸில் இருந்தபோது அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொலுவுக்குப் போனார். அப்பனும் மகளும் கார்ப்பெட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு அலாஸ்காவுக்குள் தலையை விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது. மலையைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தினார். கரடிக்கு முதுகில் திமில் வேண்டும் என்றார். கோட்டுப் போட்ட மரப்பாச்சியை எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"இது நானா கண்ணு?"

"யா!"

"கோட்டு நல்லா இருக்குது. எங்க ஊர்ல இந்நேரம் பனி விழ ஆரம்பிச்சிருக்கும்."

நான் காபி டம்ளரோடு அங்கேயே நின்றுவிட்டேன். எங்க ஊர். ஆலனில் இத்தனை வருஷம் இருந்தோம், ஒருநாள்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. இந்த ஊர், இவங்க ஊர் என்பார். எங்க ஊர் என்றால் பவானிக்கரையில் அவர் பிறந்த கிராமம் ஒன்றுதான், அதையும் இப்போதெல்லாம் சொல்வதில்லை. பொம்மையை அவர் பார்த்தார், தொப்பியைச் சரி செய்தார், திரும்பவும் கரடிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைக்கு வந்தார். குக்கரில் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது.

"நான் அங்கயே இருந்துக்கலாம்னு பாக்கறேன்" என்றார். "பர்மனென்ட்டா எடுத்துக்கறேங்கறாங்க."

அவர் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை. கேட்க வேண்டியதை நான்தான் கேட்க வேண்டியிருந்தது. "சரிங்க. நாங்களும் வந்துடறோம். எனக்குக் குளிரெல்லாம் ஒண்ணும் பண்ணாது. அங்கயும் பள்ளிக்கூடம் இருக்குமில்லீங்க?" என்றேன். ஜனவரியில் டெக்சாஸிலேயே இரண்டு ஸ்வெட்டர் போடுகிறவள் நான். சொல்லும்போதே அங்கே இருக்கும் வீட்டையும், ஜன்னலுக்கு வெளியே பனியையும், அவர் இப்படித் தெளிந்த முகத்தோடு சாப்பிட உட்காருவதையும் பார்த்துவிட்டேன்.

"வேண்டாம்" என்றார்.

சண்டையில்லை, சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உன்மேல ஒரு தப்பும் இல்ல. அங்க போனப்புறந்தான் எனக்கு மூச்சு விட முடியுது" என்றார். கிரீன் கார்டு வரும் வரைக்கும் பேப்பரில் புருஷன் பெண்டாட்டியாகவே இருந்துகொள்ளலாம், எங்களுக்கு ஒரு குறையும் வராது என்றார். அதை யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். குக்கர் கத்தியது. இறக்கினேன். கடுகு தாளித்தேன். அன்றைய சுண்டலைச் சாமிக்கும் வைத்தேன், வந்தவர்களுக்கும் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா என்று பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. ஒருத்தி இருந்திருந்தால் அவளைத் திட்டித் தீர்த்திருப்பேன். ஒரு மலையையும் குட்டையையும் பனியையும் எப்படித் திட்டுவது?

மகளிடம் அவரே சொல்கிறேன் என்றார். சாயங்காலம் இரண்டு பேரும் அலாஸ்காவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் துணி மடிக்கிற சாக்கில் பக்கத்து அறையில் இருந்தேன்.

"அப்பா அங்கயே இருக்கப்போறேன் கண்ணு."

"ஃபார் த விண்டர்?"

குளிர்காலம் முடியும் வரைக்குமா என்று குழந்தை கேட்கிறாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

"ம்" என்றார்.

என்னிடம் வேண்டாம் என்று சொன்னதைக்கூட ஒருவாறு மன்னித்துவிட்டேன். அந்த 'ம்'மை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அத்தனை மாதமாக அவளுக்கு அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. உலக உருண்டையில் தேடினாலும் இருக்கும், லைப்ரரியில் தேடினாலும் இருக்கும். இது ஒன்றுதான் இல்லாதது. அவளுக்கு அது எப்படித் தெரியும்?

திங்கள்கிழமை போய்விட்டார். விஜயதசமி அன்று சாயங்காலம், கொலுவை எடுப்பதற்கு முன் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது சம்பிரதாயம். போன வருஷம் பெண் மரப்பாச்சியைப் படுக்க வைத்தோம். இந்த வருஷம் மகள் எதையும் கேட்கவில்லை. கோட்டுப் போட்டவனை எடுத்து, தவளைகளுக்குப் பக்கத்தில் சருகு மேல் கிடத்தி, பஞ்சை இழுத்துப் போர்த்தினாள்.

"ஹி ஹேஸ் டு ஸ்லீப் லைக் தெம்" என்றாள். "அன்டில் ஸ்பிரிங்."

மற்ற பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். மரப்பாச்சியையும் தவளைகளையும் பஞ்சோடு சேர்த்து ஒரு ஷூ பெட்டியில் வைத்து, தன் அறை அலமாரிக்குக் கொண்டு போய்விட்டாள். பெண் மரப்பாச்சி என்னிடம் இருந்தாள்.

செய்தி தெரிந்து ஆன்ட்டி வந்தார். ஒரு டப்பாவில் ரசம் கொண்டு வந்திருந்தார். சோபாவில் உட்கார்ந்து அழுதது அவர்தான். "அன்னிக்கு நான் வாயை வெச்சிருக்கப்படாது. நல்ல நாளும் அதுவுமா" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அந்தப் பொம்மை மேலயும் உங்க மேலயும் பழியப் போட்டா அவரு தப்பிச்சுக்குவாருங்க ஆன்ட்டி" என்றேன். அதற்கப்புறம் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

டிசம்பர் முடிந்தது. உலகத்தில் ஒரு கம்ப்யூட்டரும் படுக்கவில்லை, விளக்கு அணையவில்லை, விமானம் விழவில்லை. ஊருக்கு வெளியே போயிருந்த நம் ஆட்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு குடும்பத்திடம் திரும்பினார்கள். கடையில் பார்க்கிறவர்கள், "அவரு எப்போ வர்றாரு?" என்று கேட்டார்கள். "அங்க கொஞ்சம் வேல இருக்கு" என்றேன்.

மார்ச்சில் ஃப்ரீவே ஓரமெல்லாம் நீலப் பூ பூத்தது. டெக்சாஸுக்கு வசந்தம் சீக்கிரம் வந்துவிடும். மகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் ஒரே கேள்வி கேட்டாள். "ஆர் தே அப் யெட்?"

"இன்னும் ஐஸ் இருக்குது கண்ணு. குட்டை உருகோணும்."

தவளைகளைப் பற்றி ஆசையாகக் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் காரில் போகும்போது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "அப்பா இருக்காரில்ல..." என்றதுமே, "ஐ நோ, ஐ நோ, நாட் யெட்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அலமாரிக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். அந்தப் பெட்டியை நான் தொட்டதில்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே டெக்சாஸ் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. போன் வந்தது. அவர் குரல் உற்சாகமாக இருந்தது. "கண்ணு, எந்திரிச்சிருச்சு! எல்லாத் தவளையும் எந்திரிச்சிருச்சு! இரு, போனைக் கையிலயே எடுத்துக்கிட்டுக் குட்டைகிட்டப் போறேன், கேளு."

அவர் நடந்து போகும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். மகள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை. கண்ணைச் சிமிட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுத்து ஏதாவது சொல்வார் என்று காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. தவளைகள் எழுந்துவிட்டன, குளிர்காலம் முடிந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. வெகுநேரம் நின்றாள். அப்புறம் ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"தவளையெல்லாம் எந்திரிச்சிருச்சும்மா" என்றாள், தமிழில். "அப்பா வரமாட்டாரு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ரிசீவரைக் காதில் வைத்தேன். வாத்துக் கூட்டம் போல ஒரே இரைச்சல். உறைந்து கிடந்ததெல்லாம் உயிர் பிழைத்துக் கத்திக்கொண்டிருந்தது. இதுதான் அவர் கேட்கிற சத்தம் போலிருக்கிறது, இதற்கு நடுவில்தான் அவருக்கு மூச்சு விட முடிகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் எதிர்முனையில் மகள்தான் இருக்கிறாள் என்று நினைத்து, இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருநாளும் பேசாத குரலில் கேட்டார்.

"கேக்குதா கண்ணு?"

"கேக்குதுங்க" என்றேன்.